ஹீப்ருவா, பிலிப்பினோவா? கரை ஏறியவனுக்கு ஒரு மொழி சொல்லுங்கள்

கடல்மாமா எழுதியது:

வணக்கம் மக்களே. 31 வருடம் சரக்குக் கப்பல்களின் இன்ஜின் ரூமில் வெந்துவிட்டு, போன ஆண்டு தூத்துக்குடியில் கரை ஏறியவன் நான். வீட்டில் சும்மா உட்கார்ந்தால் மனைவிக்கும் தொந்தரவு, எனக்கும் தொந்தரவு. ஒரு மொழி கற்கலாம் என்று ஆசை. பிழைப்புக்கு இல்லை, பரீட்சைக்கும் இல்லை. தெரிந்துகொள்ளும் ஆவல், அவ்வளவுதான்.

இரண்டில் ஒன்று என்ற இடத்தில் வந்து நிற்கிறேன்.

ஒன்று, பிலிப்பினோ. எந்தக் கப்பலில் ஏறினாலும் பாதிப் பேர் பிலிப்பைன்ஸ்காரர்கள். மெஸ்ஸுக்குள் காலை வைத்ததும் "குமாயின் கா நா?" என்பார்கள். சாப்பிட்டாச்சா என்று அர்த்தம். மற்ற விசாரிப்பெல்லாம் அப்புறம். நம் ஊர்ப் பேச்சு மாதிரியே இருக்கிறதே என்று முதல் கப்பலிலேயே பிடித்துப்போனது. ஆனால் இத்தனை வருடத்தில் நான் பிடித்து வைத்திருப்பது முப்பது நாற்பது சொற்கள். அதில் பாதியைச் சபையில் சொல்ல முடியாது.

இன்னொன்று, ஹீப்ரு. இஸ்ரேலின் ஹைஃபா, அஷ்தோத் துறைமுகங்களுக்கு நாலைந்து தடவை போயிருக்கிறேன். வீட்டுப் பேச்சில் இல்லாமல் போன மொழி பல நூற்றாண்டு கழித்துத் திரும்பவும் குழந்தைகளின் வாய்க்கு வந்தது என்று படித்ததிலிருந்து ஒரு பிரமிப்பு.

எது லேசு? எதில் சுவை அதிகம்? இரண்டும் தெரிந்தவர்கள் யாராவது இங்கே இருக்கிறீர்களா?


ஜிகர்தண்டா எழுதியது:

இதில் யோசிக்க என்ன இருக்கிறது மாமா? பிலிப்பினோதான். ஏபிசிடி தெரிந்தால் வாசித்துவிடலாம். ஹீப்ரு வலமிருந்து இடம், எழுத்தும் புதுசு. அறுபது வயதில் எதற்குக் கழுத்து வலி?


தவாவ் டாக்டர் எழுதியது:

ஜிகர்தண்டா சொல்வதை நம்பி இறங்கி அடிபட்டவன் நான். பிலிப்பைன்ஸின் தவாவ் நகரில் மருத்துவம் படித்தேன், நம் ஊர்ப் பிள்ளைகள் அங்கே நிறைய.

வாசிப்பது லேசு என்பது உண்மை. மூன்றாம் நாளே கடைப் பலகை எல்லாம் வாசித்தேன். வாசித்தது புரிவதும், சொன்னது அடுத்தவருக்குப் புரிவதும் வேறு சங்கதி. அழுத்தம் எந்த அசையில் விழுகிறது என்பதை அவர்கள் எழுதிக் காட்டுவதில்லை. "காபி" என்று முதல் அசையை அழுத்தினால் சேப்பங்கிழங்கு, கடைசி அசையை அழுத்தினால் இரவு. "புக்காஸ்" என்றால் ஒரு அழுத்தத்தில் நாளை, இன்னொன்றில் திறந்திருக்கிறது. (ப, க இரண்டையும் ஆங்கில பி, ஜி மாதிரி மெல்லினத்துக்குப் பிந்திய ஒலியில் படியுங்கள். தமிழில் எழுதுவதில் உள்ள பாடு அது.) கடை நாளைக்கா, இப்போதே திறந்திருக்கிறதா என்று பலகையைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன்.

இன்னொரு வலி. ஒரு வருடம் உருப்போட்டு, "சான் மசாக்கித்?" அதாவது எங்கே வலிக்கிறது என்று கேட்கும் அளவுக்கு வந்து வார்டுக்குள் போனால், நோயாளி பதில் சொல்வது பிசாயாவில். செபுவானோ என்றும் சொல்வார்கள். தவாவ் தெருவில் புழங்குவது அதுதான். பிலிப்பினோ என்பது மணிலாப் பக்கத்து மொழியான தகாலோகை அடிப்படையாக வைத்த தேசிய மொழி. பள்ளியிலும் டிவியிலும் எல்லோரும் கற்கிறார்கள், வீட்டில் பேசுவது வேறு. ஒரு பாட்டி "லங்காம்" என்று ஏதோ சொல்ல, நான் எறும்பு கடித்திருக்கிறது என்று கை காலெல்லாம் தேடினேன். தகாலோகில் அது எறும்பு. பிசாயாவில் பறவை. பாட்டி சொன்னது சன்னலுக்கு வெளியே கத்திக்கொண்டிருந்த குருவியை.

ஆனால் சந்தைக்குப் போனால் மனம் குளிர்ந்துவிடும். முருங்கைக்கீரைக்கு அங்கே பெயர் "மலுங்காய்". மாங்காய்க்கு "மங்கா". பொருள், விஷயம் என்பதற்கு "பாகாய்" என்பார்கள். நம் "வகை" மலாய் வழியாகப் போய்ச் சேர்ந்தது அது.


குமரிக்காரி எழுதியது:

கடல்மாமாவுக்கு வணக்கம். நான் நாகர்கோவில் பக்கம். டெல் அவீவை ஒட்டிய ராமத் கானில் ஒரு பாட்டியைப் பார்த்துக்கொள்ளும் வேலை, ஒன்பதாவது வருடம் ஓடுகிறது. இங்கே முதியவர்களைப் பார்த்துக்கொள்ள வந்தவர்களில் பெரும்பாலோர் பிலிப்பைன்ஸ்காரர்கள். நாட்டில் அவர்கள் சுமார் 30,000 பேர் என்பார்கள். அதனால் வீட்டில் ஹீப்ரு, லீவு நாளில் தகாலோக் என்று இரண்டும் எனக்கு ஒட்டிக்கொண்டது. இலக்கணம் கேட்காதீர்கள், காதில் விழுந்ததைச் சொல்கிறேன்.

ஹீப்ருவில் வாயைத் திறக்கும் முன்னாலேயே ஆணா பெண்ணா என்று பார்த்தாக வேண்டும். நம் மொழியில் அவன் வந்தான், அவள் வந்தாள் என்பது உண்டு. ஆனால் "நீ", "நான்" என்பதற்கு ஆண் பெண் இல்லை. இங்கே எதிரில் இருப்பவர் ஆண் என்றால் "அத்தா", பெண் என்றால் "அத்". எனக்கு வேண்டும் என்பதை ஆண் சொன்னால் "அனி ரொத்ஸே", பெண் சொன்னால் "அனி ரொத்ஸா".

இதில் ஒரு கூத்து. பக்கத்து பிளாட்டில் ஒரு பிலிப்பினோ தம்பி வேலை பார்த்தான். அவன் பார்த்துக்கொண்டதும் ஒரு பாட்டியைத்தான். அந்தப் பாட்டி தன்னைப் பற்றிப் பேசுவதை அப்படியே பிடித்துக்கொண்டதால் அவன் பேசிய ஹீப்ரு முழுக்கப் பெண்பால். ஆறடி ஆள் மளிகைக் கடையில் நின்று "அனி ரொத்ஸா" என்பான். கடைக்காரர் சிரிப்பை அடக்க முடியாமல் குனிந்துகொள்வார். அவன் மேல் தப்பு இல்லை. அவன் மொழியில் அவனும் அவளும் ஒன்றே, "ஸியா". இங்கிலீஷ் பேசும்போது தாத்தாவை "ஷீ" என்பதும் அதனால்தான்.

மரியாதை விஷயத்தில் நேர் எதிர். தகாலோகில் பெரியவர்களிடம் வாக்கியத்துக்கு வாக்கியம் "போ" சேர்ப்பார்கள். நம் "ங்க" மாதிரி. பன்மை சொல்லிக் கூப்பிடுவதும் உண்டு. முன்பின் தெரியாத டிரைவர் "குயா", அதாவது அண்ணன். கடைக்காரி "ஆத்தே", அதாவது அக்கா. ஹீப்ருவில் அந்தப் பேச்சே கிடையாது. பெரிய டாக்டரையும் "அத்தா" என்று பேர் சொல்லிக் கூப்பிட வேண்டும். முதல் ஆறு மாதம் எனக்கு நாக்கே எழவில்லை.


ஜிகர்தண்டா எழுதியது:

எங்கள் தெருவில் ராவுத்தர் வீட்டுப் பிள்ளைகள் அப்பாவை "அத்தா" என்றுதான் கூப்பிடுவார்கள். அவர்களில் யாராவது அங்கே போனால் ஊரெல்லாம் அப்பாதான்.


தவாவ் டாக்டர் எழுதியது:

அக்கா, அந்த "போ"வும் தகாலோகில்தான். பிசாயாவில் கிடையாது. தவாவில் நான் போ போ என்று குழைந்தால், மணிலாவிலிருந்து வந்தவனா என்று கேட்பார்கள். என் முகத்தைப் பார்த்த பிறகும்.


ஆதித்தமிழன் எழுதியது:

இவ்வளவு சுற்றுவது எதற்கு? ஹீப்ருவில் அப்பா "அப்பா", அம்மா "இமா". உலக மொழிகளுக்கெல்லாம் தாய் எது என்று இதற்கு மேலும் சொல்ல வேண்டுமா? தமிழைக் கற்றால் எல்லாம் கற்றது போலத்தான்.


ஏட்டுச்சுவடி எழுதியது:

ஆதித்தமிழன் ஐயா, தகாலோகில் "அமா" என்றால் யார் தெரியுமா? அப்பா. அம்மா "இனா". இதை எந்தக் கணக்கில் வைப்பீர்கள்? உதட்டை மூடித் திறந்தால் வரும் ஒலி எந்தக் குழந்தைக்கும் முதலில் வரும். கிட்ட நிற்பவர் அதைத் தன் பெயராக எடுத்துக்கொள்கிறார். இதை வைத்து உறவு பேசினால் ஊரே சொந்தம்தான்.

தமிழ் உறவு வேண்டுமென்றால் உண்மையான ஒன்றே இருக்கிறது. வேதாகமத்தில் 1 இராஜாக்கள் 10:22 எடுத்துப் பாருங்கள். சாலொமோன் ராஜாவின் கப்பல்கள் மூன்று வருடத்துக்கு ஒருமுறை பொன், வெள்ளி, தந்தம், குரங்கு, மயில் கொண்டுவந்தன என்று வரும். அந்த மயில்களுக்கு எபிரேய மூலத்தில் உள்ள சொல் "துக்கீயீம்". ஒருமை "துக்கி". அது நம் "தோகை" என்று கால்டுவெல் காலத்திலிருந்து அறிஞர்கள் சொல்லி வருகிறார்கள், பெரும்பாலோர் ஏற்கவும் செய்கிறார்கள். வேடிக்கை என்னவென்றால் இன்றைய ஹீப்ருவில் "துக்கி" என்றால் கிளி. மயிலுக்கு "தவாஸ்" என்று வேறு சொல் வந்துவிட்டது. மயிலாகக் கப்பல் ஏறி, கிளியாகக் கூண்டில் உட்கார்ந்திருக்கிறது.

கடல்மாமாவின் கேள்விக்கு வருகிறேன். எழுத்தை வைத்து லேசு, கஷ்டம் என்று பிரிப்பது சரியில்லை. ஹீப்ருவுக்கு 22 எழுத்து. அதில் ஐந்துக்குச் சொல்லின் கடைசியில் வந்தால் வேறு வடிவம். ஒரு வாரத்து வேலை. நாம் 247 மனப்பாடம் செய்தவர்கள்.

பிலிப்பினோவுக்கும் பழைய எழுத்து ஒன்று உண்டு, "பாய்பாயின்". நம் எழுத்துக்குத் தூரத்துச் சொந்தம், பிராமி வழி வந்தது. மூன்று உயிர், பதினான்கு மெய். மேலே புள்ளி வைத்தால் இ, கீழே வைத்தால் உ. நம் கண்ணுக்கு உடனே பிடிபட்டுவிடும். 1593இல் மணிலாவில் அச்சான கிறிஸ்தவ மறைக்கல்விப் புத்தகத்தில் தகாலோக் வாசகம் இந்த எழுத்திலும் ரோமன் எழுத்திலும் இருக்கிறது. ஆனால் அதில் ஒரு குறை. சொல்லின் முடிவில் வரும் ஒற்றை எழுத வழி கிடையாது, விட்டுவிடுவார்கள். வாசிப்பவர் போட்டுக்கொள்ள வேண்டும். 1620 வாக்கில் பிரான்சிஸ்கோ லோப்பெஸ் என்ற ஸ்பானியப் பாதிரியார் எழுத்தின் கீழே சிலுவைக்குறி போட்டு ஒற்றைக் காட்டினார். நம் புள்ளி செய்யும் அதே வேலை.

ஹீப்ரு உயிரை எழுதாமல் விடுகிறது. பாய்பாயின் கடைசி ஒற்றை விட்டது. நாம் க எழுதிவிட்டு அது கல்லில் ஒரு மாதிரி, தங்கத்தில் ஒரு மாதிரி, அகத்தில் ஒரு மாதிரி என்பதை வாசிப்பவர் தலையில் கட்டுகிறோம். சற்று முன் தவாவ் டாக்டர் அடைப்புக்குறிக்குள் அழுததும் இதற்குத்தானே?


பாலைவனத்தான் எழுதியது:

உயிரை எழுதாமல் விடுவதால் என்ன ஆகும் என்பதற்கு நான் சாட்சி. இஸ்ரேலின் பெயெர்செபா நகரில் மூன்று வருடம் ஆராய்ச்சி வேலை.

வந்த புதிதில் ஒரு கடைப் பலகையில் சாமெஹ், பே, ரேஷ் என்ற மூன்று எழுத்து இருந்தது. எனக்கு அப்போது தெரிந்த சொல் "செஃபெர்", புத்தகம். ஆகா, புத்தகக் கடை என்று உள்ளே போனேன். நாற்காலியில் ஒருவர் முகமெல்லாம் நுரையோடு உட்கார்ந்திருந்தார். அதே மூன்று எழுத்தை "ஸப்பார்" என்று வாசித்தால் முடி வெட்டுபவர். "ஸஃபார்" என்றால் எண்ணினான். வந்தது வந்தாயிற்று என்று முடி வெட்டிக்கொண்டு வந்தேன்.

உயிரைக் காட்டும் புள்ளிகளும் கோடுகளும் இல்லாமல் இல்லை. திபேரியா ஊரில் இருந்து வேத வாசகத்தைக் காத்துவந்த மசொரெத்து அறிஞர்கள் ஆயிரம் வருடத்துக்கு முன்பே ஏற்படுத்தியவை. ஆனால் அவை குழந்தைப் புத்தகம், கவிதை, ஜெபப் புத்தகம் இவற்றோடு சரி. செய்தித்தாளில் கிடையாது.

அப்புறம் எப்படி வாசிக்கிறார்கள்? வேர் தெரிந்தால் சொல் தானே வரும். க-த-வ என்ற மூன்று மெய் "எழுது". இடையில் உயிரை மாற்றி மாற்றிச் செருகினால் சொற்கள் பிறக்கும். "கத்தாவ்" எழுதினான். "கொத்தேவ்" எழுதுகிறான். "மிஹ்த்தாவ்" கடிதம். "க்தோவெத்" முகவரி. "ஹிஹ்தீவ்" சொல்லச் சொல்ல எழுதவைத்தான். "ஹித்கத்தேவ்" கடிதப் போக்குவரத்து வைத்திருந்தான். வினைகளுக்கு இப்படி ஏழு அச்சுகள். ஒவ்வொன்றையும் "பின்யன்" என்பார்கள், கட்டடம் என்று அர்த்தம். ஏழு கட்டடத்துக்குள்ளும் வழி தெரிந்துவிட்டால் பார்த்திராத சொல்லுக்கும் பாதி அர்த்தம் ஊகத்திலேயே வந்துவிடும். அந்த நாள் வரும் வரை முழி பிதுங்கும், அதையும் சொல்லிவிடுகிறேன்.

எண்ணிக்கை பற்றி ஒன்றே ஒன்று. ஆ என்று முடிந்தால் பொதுவாகப் பெண்பால். எண்களில் மட்டும் தலைகீழ். மூன்று மகன்கள் "ஷ்லோஷா பனீம்", மூன்று மகள்கள் "ஷலோஷ் பனோத்". ஊர்க்காரர்களே பேச்சில் தடுமாறுவதைக் கேட்டிருக்கிறேன், அதனால் வெட்கப்பட வேண்டாம்.


கடல்மாமா எழுதியது:

அடேயப்பா. கேட்டது ஒரு வரி, கிடைத்தது ஒரு கப்பல் சரக்கு.

பாலைவனத்தான் தம்பி, இந்த வேர் விஷயம் படித்ததும் ஒன்று தோன்றியது. பிலிப்பினோவிலும் சொல்லுக்கு நடுவில் எதையோ நுழைப்பார்களே? "காயின்" சாப்பிடு, "குமாயின்" சாப்பிட்டேன். நடுவில் உம் எங்கிருந்து வந்தது? இதுவும் ஹீப்ரு மாதிரிதானா?


ஏட்டுச்சுவடி எழுதியது:

நல்ல கேள்வி. குடும்பம் வேறு. ஹீப்ரு அரபியோடு சேர்ந்த செமித்தியக் குடும்பம். பிலிப்பினோ மலாய், ஹவாய், மலகாசி எல்லாம் இருக்கும் ஆஸ்திரோனேசியக் குடும்பம். ஆனால் வேலை நடக்கும் இடம் ஒன்று. தமிழில் சொல்லுக்கு வால்தான் வளரும். எழுது, எழுதினான், எழுதினானா, எழுதினானாமே என்று ரயில் பெட்டி போலக் கோத்துக்கொண்டே போகலாம். இஞ்சினைத் தொடுவதில்லை. அந்த இரண்டு மொழியும் இஞ்சினையே திறந்து உள்ளே கை வைக்கும். உங்கள் தொழில், மாமா.

ஒரே அர்த்தத்தை எடுத்துக்கொள்வோம். தகாலோகில் "சூலாத்" எழுத்து, கடிதம். முதல் மெய்க்கு அடுத்து உம் நுழைந்தால் "சுமூலாத்", எழுதினான். முதல் அசை இரட்டித்தால் "சூசூலாத்", எழுதுவான். இரண்டும் சேர்ந்தால் "சுமூசூலாத்", எழுதிக்கொண்டிருக்கிறான். இன் நுழைந்தால் "சினூலாத்", எழுதப்பட்டது எது என்பதில் கண் போகிறது. "பானூலாத்" பேனா. "மானுனூலாத்" எழுத்தாளர். ஹீப்ரு மெய்களை வைத்துக்கொண்டு உயிரை மாற்றுகிறது. தகாலோக் வேரை முழுசாக வைத்துக்கொண்டு நடுவில் ஆப்பு அடிக்கிறது.

இன்னொன்றும் கவனியுங்கள். தகாலோக் வினைக்கு நேற்று, இன்று, நாளை முக்கியம் இல்லை. வேலை முடிந்ததா, நடக்கிறதா, தொடங்கவே இல்லையா என்பதுதான் கணக்கு.

வால் மட்டும்தான் வளரும் என்றேன், ஒரு திருத்தம். படு, பாடு, கெடு, கேடு, சுடு, சூடு. முதனிலை திரிந்த தொழிற்பெயர் என்று பள்ளியில் படித்தோமே, அதில் நாமும் கொஞ்சம் இஞ்சினைத் தொடுகிறோம்.


தவாவ் டாக்டர் எழுதியது:

அந்த "எது என்பதில் கண் போகிறது" என்பதைத்தான் நான் படித்து முடிக்கும் வரை சரியாகப் பிடிக்கவில்லை. "ஆங்" எங்கே, "நங்" எங்கே என்று எந்தப் புத்தகத்தைத் திறந்தாலும் தலை சுற்றும். யாராவது தமிழில் சொல்லிக் கொடுங்களேன்.


குமரிக்காரி எழுதியது:

தம்பி, எனக்கு அது மீன் கடையில் புரிந்தது. இலக்கணம் தெரிந்தவர்கள் தப்பு இருந்தால் திருத்துங்கள்.

தமிழில் "அம்மா மீன் வாங்கினாள்" என்போம். ஏதோ மீன். "அம்மா மீனை வாங்கினாள்" என்றால்? அந்த மீன். நேற்றுப் பேசினோமே, அது. ஒரு ஐ போட்டதும் ஏதோ மீன் அந்த மீன் ஆகிவிடுகிறது.

ஹீப்ருவில் "இமா கன்த்தா தாக்". அம்மா மீன் வாங்கினாள். "இமா கன்த்தா எத் ஹ-தாக்". அம்மா மீனை வாங்கினாள். "ஹ" என்றால் அந்த. "எத்" நம் ஐ மாதிரி, ஆனால் முன்னாடி நிற்கும். குறிப்பிட்ட பொருள் இல்லையென்றால் எத் வராது. இதை எனக்கு யாரும் சொல்லித்தரவே வேண்டியிருக்கவில்லை. இங்கிலீஷ் வழியாகக் கற்கிறவர்கள் இந்த எத்தோடு மாரடிப்பதைப் பார்த்திருக்கிறேன்.

தகாலோகில் "புமிலி ஆங் நானாய் நங் இஸ்தா". அம்மா மீன் வாங்கினாள். "பினிலி நங் நானாய் ஆங் இஸ்தா". மீனை அம்மா வாங்கினாள். "ஆங்" என்பது ஒரு டார்ச் லைட் தம்பி. முதல் வாக்கியத்தில் அம்மா மேல் அடிக்கிறது, இரண்டாவதில் மீன் மேல். லைட் எங்கே அடிக்கிறதோ அதற்கேற்ப வினைச்சொல்லும் உம்மை எடுத்துவிட்டு இன் போட்டுக்கொள்ளும். யாருக்காக வாங்கினாள் என்று அடித்தால் வினை இன்னொரு வேஷம் போடும். லைட் அடித்தால் அந்த மீன், அடிக்காவிட்டால் ஏதோ மீன். நம் ஐ செய்வதையும் எத் செய்வதையும் இவர்கள் வினைச்சொல்லின் வயிற்றுக்குள் வைத்துச் செய்கிறார்கள்.


ஏட்டுச்சுவடி எழுதியது:

திருத்த ஒன்றும் இல்லை அம்மா. நாற்பது வருடம் இரண்டாம் வேற்றுமை நடத்தினேன், மீனை வைத்து இப்படி நடத்தியது இல்லை.


கிள்ளான் ராணி எழுதியது:

மலேசியாவிலிருந்து. பிலிப்பினோ எங்களுக்குப் பாதி தெரிந்த வீடு. ஐந்து "லிமா", கண் "மாத்தா", பிள்ளை "அனாக்", வானம் "லாங்கித்". எல்லாம் மலாயிலும் அதேதான்.

யாரும் சொல்லாத ஒன்று: நாம், நாங்கள். கேட்பவரையும் சேர்த்தால் நாம், சேர்க்காவிட்டால் நாங்கள். தகாலோகில் "தாயோ", "காமி". மலாயில் "கீத்தா", "காமி". ஹீப்ருவில் எல்லாவற்றுக்கும் ஒரே "அனஹ்னு". கடல்மாமா இதை ஒரு நிமிடத்தில் கற்றுவிடுவார். வெள்ளைக்காரர்களுக்கு ஒரு மாதம் ஆகும்.


பாலைவனத்தான் எழுதியது:

ஜிகர்தண்டாவின் "லேசு" கணக்குக்கு ஒரு தகவல். அமெரிக்க வெளியுறவுத் துறை தன் அதிகாரிகளுக்கு மொழி கற்பிக்கப் பள்ளி வைத்திருக்கிறது. இங்கிலீஷ்காரர் ஒருவர் வேலை செய்யும் அளவுக்குத் தேற எத்தனை நேரம் என்று பட்டியல் போட்டிருக்கிறார்கள். ஹீப்ரு 44 வாரம், 1,100 மணி நேரம். தகாலோக்? அதே 1,100. தமிழும் அதே வரிசையில்தான்.


ஜிகர்தண்டா எழுதியது:

சரி சரி, ஏபிசிடியை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். தமிழுக்கு 1,100 மணி நேரமா? எங்கள் தமிழ் வாத்தியார் பன்னிரண்டு வருடம் எடுத்தும் போதவில்லை என்றார்.


தவாவ் டாக்டர் எழுதியது:

கடல்மாமா ஹீப்ரு திரும்பி வந்த கதையைப் பிரமிப்பு என்றார். பிலிப்பினோவின் கதையும் குறைந்தது இல்லை, கொஞ்சம் கசப்பு கலந்தது. தீவுக்குத் தீவு மொழி, நூற்றுக்கு மேல். 1937 டிசம்பர் 30 அன்று அதிபர் மனுவேல் கேசோன் தகாலோகைத் தேசிய மொழியின் அடிப்படையாக அறிவித்தார். அவர் தாய்மொழியும் அதுவே. 1959இல் அதற்குப் "பிலிப்பினோ" என்று பெயர் வைத்தார்கள், இங்கிலீஷ் பி எழுத்தில். 1987 அரசியல் சட்டத்தில் அதே பெயர் எஃப் எழுத்துக்கு மாறியது, எல்லாத் தீவு மொழிகளிலிருந்தும் வளரும் மொழி என்ற விளக்கத்தோடு. செபுவில் போய்க் கேளுங்கள், சட்டையை மாற்றிய தகாலோக் என்பார்கள். அவர்கள் ஆதங்கம் நமக்குப் புரியாதா என்ன?


ஆதித்தமிழன் எழுதியது:

நன்றாகவே புரியும். 1965இல் நாம் ஏன் ரோட்டுக்கு வந்தோம் என்று


மட்டுறுத்துநர் எழுதியது:

அந்த விவாதத்துக்குத் தனி இழை மூன்று ஓடுகிறது. இங்கே வேண்டாம். மேலே உள்ள பதிவின் மிச்சத்தை அங்கே நகர்த்திவிட்டேன்.


ஏட்டுச்சுவடி எழுதியது:

ஹீப்ரு செத்துப் பிழைத்தது என்று பொதுவாகச் சொல்வார்கள். முழுக்கச் சரியில்லை. ஜெபத்திலும், கடிதத்திலும், வெவ்வேறு ஊர் யூதர்கள் சந்தித்தால் வியாபாரப் பேச்சிலும் அது இருந்துகொண்டேதான் இருந்தது. இல்லாமல் போனது தாலாட்டில். எலியேசெர் பென் யெஹுதா 1881இல் எருசலேமுக்கு வந்து, அடுத்த ஆண்டு பிறந்த மகனை ஹீப்ரு தவிர வேறு எதுவும் காதில் விழாமல் வளர்த்தார். அந்தப் பையன் பாடு என்ன பாடோ. ஐஸ்கிரீமுக்கு "க்லீதா", அகராதிக்கு "மில்லோன்" என்று சொல் செய்ததும் அவர்தான். 1922இல் பிரிட்டிஷ் ஆட்சி ஹீப்ருவையும் ஆட்சிமொழிகளில் ஒன்றாக ஏற்றது. அந்த வருடக் கடைசியில் அவர் இறந்துபோனார்.

பிலிப்பைன்ஸிலும் சொல் செய்தார்கள். கணிதத்துக்கு "சிப்நாயன்" என்று ஒன்று. மக்கள் "மாத்தெமாத்திகா" என்றே சொல்கிறார்கள். நாற்காலிக்கு "சாலும்புவித்", அதாவது பின்பக்கத்தைத் தாங்குவது என்ற சொல் இன்றும் கேலிக்கு மட்டும் பயன்படுகிறது. ஸ்பானியர் விட்டுப்போன "சில்யா"வில்தான் எல்லோரும் உட்காருகிறார்கள். நம் "குளம்பி"யை நினைத்துக்கொள்ளுங்கள். க்லீதா பிழைத்து, குளம்பி பிழைக்காதது ஏன்? அங்கே பல நாட்டிலிருந்து வந்தவர்களுக்குப் பொதுவாக வேறு சொல் இல்லை. நமக்குக் காபி ஏற்கனவே நாக்கில் இருந்தது. இது என் கருத்து.


குமரிக்காரி எழுதியது:

என் பாட்டியும் அப்படித்தான். ருமேனியாவில் பிறந்தவர், 1951இல் பதினைந்து வயதில் கப்பலில் வந்தவர். ஹீப்ரு அவருக்கும் வந்து கற்ற மொழி. கணக்குப் போடும்போதும் கோபம் வந்தாலும் இன்னும் ருமேனியன்தான். புதிதாக வந்தவர்களுக்கு மொழி சொல்லித்தரும் "உல்பான்" வகுப்பில் உட்கார்ந்து படித்தேன் என்று பெருமையாகச் சொல்வார்.

டாக்டர் தம்பி சொன்ன கேசோனுக்கு இங்கேயும் ஒரு கதை உண்டு. ஹிட்லர் காலத்தில் பல நாடுகள் கதவைச் சாத்தியபோது சுமார் 1,200 யூதர்களை மணிலாவுக்குள் விட்டவர் அவர். இங்கே ரிஷோன் லெத்ஸியோன் நகரில் திறந்த கதவு வடிவத்தில் நினைவுச்சின்னம் இருக்கிறது, 2009இல் வைத்தது. என் சிநேகிதிகள் கூட்டமாகப் போய்ப் படம் எடுத்துக்கொள்வார்கள்.

இரண்டு மொழியும் தொடும் ஒரு சொல் சொல்கிறேன். "ஷலோம்" எல்லோருக்கும் தெரியும். தகாலோகில் நன்றிக்கு "சலாமாத்". அது அரபியிலிருந்து மலாய் வழியாக வந்ததாம். அரபி சலாமும் ஹீப்ரு ஷலோமும் ஒரே வேர். இந்த ஊர் லிஃப்டில் ஒருத்தி ஷலோம் என்க, இன்னொருத்தி சலாமாத் என்க, இரண்டு பேருக்கும் தெரியாது தாங்கள் ஒரே சொல்லைத்தான் மாற்றிக்கொண்டார்கள் என்று.


கடல்மாமா எழுதியது:

நேற்று என் பழைய போசன் (டெக் ஆட்களின் மேஸ்திரி) ஒருவருக்குப் பிலிப்பைன்ஸின் இலோயிலோவுக்குப் போன் போட்டேன். பிலிப்பினோ கற்கப்போகிறேன், நீதான் வாத்தியார் என்றேன். சிரிக்கிறார், சிரிக்கிறார், நிறுத்தவே இல்லை. "செகண்ட் (செகண்ட் இன்ஜினியரான என்னை அப்படித்தான் கூப்பிடுவார்), எனக்கே அது பள்ளிக்கூடத்தில் வந்த மொழி. வீட்டில் இலோங்கோ" என்றார். கப்பலில் இத்தனை வருடம் என்னிடம் பேசியது? அது தகாலோகும் இலோங்கோவும் இங்கிலீஷும் கலந்த கப்பல் பாஷையாம். போச்சு, என் முப்பது நாற்பது சொல்லில் எது எந்த மொழி என்று இப்போது பிரிக்க வேண்டும்.

பிலிப்பினோவில் ஆரம்பிக்கிறேன். வாரம் இரண்டு நாள் போசனோடு போன். ஹீப்ரு 22 எழுத்தையும் ஒரு அட்டையில் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டியாகிவிட்டது, அது பாட்டுக்கு இருக்கட்டும். மனைவி பார்த்துவிட்டு என்ன மந்திரம் என்று கேட்டாள்.

குமரித் தங்கச்சி, முதல் பாடத்திலேயே ஒரு சந்தேகம். போசன் "மஹால்" என்றால் விலை அதிகம் என்கிறார். நான் கேட்ட பாட்டிலெல்லாம் மஹால் என்றால் காதல். எது சரி?


கிள்ளான் ராணி எழுதியது:

மலாயில் மஹால் விலை அதிகம் மட்டும்தான். காதல் எல்லாம் இல்லை.


குமரிக்காரி எழுதியது:

இரண்டும் சரி மாமா. "மஹால் கீத்தா" என்றால் உன்னை நேசிக்கிறேன். அதை மட்டும் தெரிந்து வைத்துக்கொண்டு முதல் தடவை டெல் அவீவ் பஸ் ஸ்டேஷன் நாலாவது மாடிக்குப் போனேன். அங்கே வரிசையாகப் பிலிப்பினோ கடைகள். என் சிநேகிதி கருவாட்டுப் பொட்டலத்தைக் கையில் தூக்கி, கண்ணை உருட்டி, "ஆங் மஹால் நமான்!" என்றாள். கருவாட்டின் மேல் இவ்வளவு பிரியமா என்று நினைத்தேன். விலையைக் கேட்ட பிறகுதான் புரிந்தது. இருந்தாலும் ஊர் ஞாபகத்தில் நானும் ஒரு பொட்டலம் வாங்கினேன்.

வீட்டுக்கு வந்ததும் பாட்டி எவ்வளவு என்று கேட்டார். சொன்னேன். "யாக்கார்!" என்று தலையில் கை வைத்துக்கொண்டார். விலை அதிகம் என்பதற்கு ஹீப்ருவில் அதுதான் சொல். பிரியமானவர் என்பதற்கும் அதுவேதான், கடிதம் எழுதினால் அப்படித்தான் ஆரம்பிப்பார்கள். நான் பொட்டலத்தைப் பிரித்தேன். பாட்டி மூக்கைப் பொத்திக்கொண்டு, அதே வேரிலிருந்து இன்னொரு சொல்லால், என்னை எப்போதும் கூப்பிடுகிற மாதிரியே கூப்பிட்டார்.

"யக்கிராத்தி, அந்த மீனைக் கொண்டுபோய் பால்கனியில் வை."

எத் ஹ-தாக் என்றுதான் சொன்னார்.